ஆஸ்திரேலியா–நியூசிலாந்து வலைப்பந்து லீக்கை ஏன் கலைத்தார்கள்?

சுன்னாகம்_விங்:
பக்கத்து ஊர்ப் பெருமையில், இலங்கை வலைப்பந்து வீராங்கனை தர்ஜினி அக்கா 2018இல் ஆஸ்திரேலியாவின் சுப்பர் நெட்போல் லீக்கில் கொலிங்வூட் மக்பைஸ் அணிக்கு ஆடிய காணொளிகளைத் தேடிப் பார்த்தேன். அதற்கு முந்திய வருடங்களுக்குப் போனால் அந்த லீக்கே இல்லை. ஆஸ்திரேலிய, நியூசிலாந்து அணிகள் சேர்ந்து ஆடிய ஏஎன்இசட் சாம்பியன்ஷிப்தான் வருகிறது. நல்லாத்தானே போயிருக்கிறது, ஏன் நிறுத்தினார்கள்? மற்றது, யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குக் கப்பல் ஓடுகிற காலத்தில் எங்களுக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையில் அப்படியொன்று சரிவருமா?

கொக்குவில்_கோல்சூட்டர்:
ஆஸ்திரேலியாக்காரருக்கு நல்லாத்தான் போனது தங்கச்சி. 2008 முதல் 2016 வரை, நாட்டுக்கு ஐந்து அணி. ஒன்பது கிண்ணத்தில் எட்டு அவர்களுக்கு. 2012இல் மட்டும் நியூசிலாந்தின் வைகாட்டோ பே ஒஃப் பிளென்டி மஜிக், மெல்போர்னுக்கே போய் விக்சன்ஸை 41–38 என்று அடித்தது.

2015இல் அணிகளை நாடுவாரியாகப் பிரித்து, இரண்டு பக்கமும் இறுதிச் சுற்றுக்கு வரும்படி இடம் ஒதுக்கினார்கள். எனக்கு அது அப்பவே பிடிக்கவில்லை. ஒதுக்கியும் என்ன, கடைசி இரண்டு வருடமும் இறுதி ஆட்டத்தில் நின்றது குயின்ஸ்லாந்து ஃபயர்பேர்ட்ஸும் நியூ சவுத் வேல்ஸ் ஸ்விஃப்ட்ஸும், இரண்டுமே ஆஸ்திரேலிய அணிகள். 2016இல் மேலதிக நேரமும் போதாமல் இன்னொரு தடவை நீட்டி 69–67! அப்படி ஓர் ஆட்டம் திரும்ப வராது. ஆனால் நியூசிலாந்தில், ஒக்லாந்தில் இருக்கிற ஆளுக்கு அதில் என்ன?

அதே வருடம் ஆஸ்திரேலியா நைன் தொலைக்காட்சியோடும் டெல்ஸ்ட்ரா தொலைபேசி நிறுவனத்தோடும் பேசி முடித்து, எட்டு அணியோடு தனி லீக் அறிவித்துவிட்டது. அதுதான் தர்ஜினி ஆடிய சுப்பர் நெட்போல். நியூசிலாந்தும் 2017இல் தனக்கென்று ஒன்றைத் தொடங்கியது.

சுன்னாகம்_விங்:
2019 உலகக் கிண்ணம் நியூசிலாந்துக்குத்தானே அக்கா? அப்ப பிரிந்தது அவர்களுக்கு நட்டமில்லை.

கொக்குவில்_கோல்சூட்டர்:
அவசரப்படாதீர்கள். 2018 பொதுநலவாய விளையாட்டில் மலாவியிடமே தோற்று, பதக்கமில்லாமல் போனவர்கள் அவர்கள். பிறகு நோலீன் டௌருவா நியூசிலாந்து அணிக்குப் பயிற்சியாளராக வந்தார். 2012 மஜிக்கின் பயிற்சியாளரும் அவரேதான். லீக் உடைந்ததும் ஆஸ்திரேலியாவுக்குப் போய் சன்ஷைன் கோஸ்ட் லைட்னிங்குக்கு 2017, 2018 இரண்டு கிண்ணமும் எடுத்துக் கொடுத்தார். எதிராளியின் வீட்டுக்குள்ளே இருந்து படித்த மனுசி. லிவர்பூலில் அந்த உலகக் கிண்ண இறுதியில் ஆஸ்திரேலியாவை 52–51 என்று வென்றதில் அந்தப் படிப்புக்குப் பெரிய பங்கு என்பது என் எண்ணம்.

நானும் பள்ளி அணியில் கோல் சூட்டர், அதாவது வளையத்துக்குள் பந்து போடுகிற ஆள். பந்து கைக்கு வந்தால் மூன்று செக்கனுக்குள் எறிந்துவிட வேண்டும் என்ற விதி எனக்கு மனப்பாடம். கொழும்பு அணியொன்றிடம் வாங்கிக் கட்டின பிறகுதான் அது உடம்புக்கு விளங்கியது. ஆகவே பலமான அணியோடு ஆடித் தோற்பதை நான் நட்டக் கணக்கில் எழுத மாட்டேன்.

கரையோரக்_காற்று:
நாகபட்டினக் கப்பலை நம்பி அட்டவணை போடாதேங்கோ. மாரியில் கடல் விடாது. பலாலி–சென்னை விமானம் இருக்கு, காசு யார் தருவது? அதைவிடத் தமிழ்நாட்டில் பெண்பிள்ளைகள் கூடைப்பந்து, நாங்கள் வலைப்பந்து. எதை ஆடுவது என்று முதலில் தீருங்கோ 😄

கொக்குவில்_கோல்சூட்டர்:
ஓம், அதுதான் பெரிய சிக்கல். எனக்குக் கேட்டால் முதலில் தெற்கே பாருங்கள். கொழும்பில் வங்கி, நிறுவன அணிகள் நல்ல ஆட்டம் ஆடுகின்றன. அவர்களோடு வருடத்துக்கு நாலைந்து ஆட்டம் யாழ்ப்பாணத்தில் வைக்க யாராவது முன்வந்தால், ஸ்கோர் எழுத நான் வருகிறேன்.