ஆராதனைக்குத் துப்பாக்கியோடு வரலாமா?

ஜெபராஜ்_டாலஸ்:
எங்கள் சபையில் காவல் குழு வைக்கலாமா என்ற பேச்சு கிளம்பியிருக்கிறது. என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன், பயிற்சி எடுத்த நாலைந்து பேர் ஆராதனை நேரத்தில் துப்பாக்கியோடு இருக்கத்தான் வேண்டும். 2019 டிசம்பர் 29 அன்று டெக்சஸில் ஒயிட் செட்டில்மென்ட் என்ற ஊரில், வெஸ்ட் ஃப்ரீவே சபையில், திருவிருந்து நடக்கும்போது ஒருவன் எழுந்து சுட்டான். இரண்டு பேர் இறந்தார்கள். ஆனால் முதல் குண்டு வெடித்த ஆறே விநாடிகளில் சபையின் காவல் தொண்டர் ஒருவர் அவனை ஒரே குண்டில் வீழ்த்திவிட்டார், உள்ளே 200க்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். இதை விசுவாசக் குறைவு என்பவர்கள் நெகேமியாவை வாசியுங்கள், எருசலேம் அலங்கத்தைக் கட்டியவர்கள் ஒரு கையால் கட்டட வேலை செய்து மறு கையில் ஆயுதம் பிடித்து நின்றார்கள். அமெரிக்காவின் ராணுவப் பாரம்பரியமும் அதுதான். முதல் உலகப் போரில் சார்ஜென்ட் ஆல்வின் யார்க் ஜெபித்துவிட்டுத்தான் போருக்குப் போனார், 1918 அக்டோபர் 8 அன்று பிரான்சின் ஆர்கான் காட்டில் அவரும் கூட இருந்த சிலருமாக 132 ஜெர்மானியர்களைச் சிறைபிடித்தார்கள்.

கிரேஸ்மேரி:
அண்ணா, யார்க்கின் கதையில் முக்கால்வாசியை விட்டுவிட்டீர்கள். அவருடைய சபை கொலையே கூடாது என்ற சபை. ராணுவத்துக்கு ஆள் எடுத்தபோது தனக்குச் சண்டை போட விருப்பமில்லை என்று எழுதிக் கொடுத்தவர் அவர், அந்த விண்ணப்பம் தள்ளுபடியான பிறகும் மனச்சாட்சியோடு போராடி, மேலதிகாரிகளோடு வேத வசனங்களை வைத்து வாதாடி, விடுப்பில் ஊருக்குப் போய் ஜெபித்துத்தான் ஒரு முடிவுக்கு வந்தார். அவ்வளவு போராட்டம் நம்மில் யாரிடம் இருக்கிறது? நாம் கடைக்குப் போய் ஒரு கைத்துப்பாக்கி வாங்கி வந்துவிட்டு அப்புறம் வசனம் தேடுகிறோம். இன்னொரு பெயரும் அதே பாரம்பரியத்தில்தான் வருகிறது. டெஸ்மண்ட் டாஸ், ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர், இரண்டாம் உலகப் போரில் துப்பாக்கியைத் தொடவே மாட்டேன் என்று சொல்லி மருத்துவ உதவியாளராகப் போனவர். 1945 மே மாதம் ஜப்பானின் ஒகினாவா தீவில் மலை விளிம்பிலிருந்து காயம்பட்ட 75 பேரைக் கயிற்றில் இறக்கினார் என்று அவருக்குக் கிடைத்த அமெரிக்காவின் உயரிய ராணுவ விருதான மெடல் ஆஃப் ஹானரின் குறிப்பே சொல்கிறது. கெத்செமனேயில் பேதுரு பட்டயத்தை எடுத்துப் பிரதான ஆசாரியனின் வேலைக்காரன் மல்குஸின் காதை வெட்டியபோது இயேசு பேதுருவைப் பாராட்டவில்லை, வெட்டுப்பட்டவனைத்தான் குணமாக்கினார்.

ஜெபராஜ்_டாலஸ்:
சிஸ்டர், டாஸ் மேல் எனக்கு உங்களைவிடக் குறைந்த மரியாதை இல்லை. ஆனால் அதே மலையில் துப்பாக்கியோடு நின்றவர்களை அவர் ஒருநாளும் குற்றம் சொல்லவில்லை, ராணுவத்துக்கு ஒத்துழைக்கத்தான் வந்தேன் என்றே சொன்னார். பேதுரு விஷயத்தில் கர்த்தர் சிலுவைக்குப் போக வேண்டியிருந்தது, அதைத் தடுத்ததற்காக அந்தக் கண்டிப்பு. என் மனைவியும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும் அப்படி ஒரு சிலுவைக்கு அழைக்கப்படவில்லை. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் இமானுவேல் சபையை நினைத்துப் பாருங்கள், 2015 ஜூன் 17, வந்தவனை வேதபாடத்தில் உட்கார வைத்து வரவேற்றார்கள், அவன் ஒன்பது பேரைக் கொன்றான். அங்கே ஒரே ஒருவரிடம் ஆயுதம் இருந்திருந்தால்?

கிரேஸ்மேரி:
அந்த ஒன்பது பேரின் குடும்பத்தார் இரண்டே நாளில் நீதிமன்றத்தில் அவனை மன்னிப்பதாகச் சொன்னார்கள். அதைத்தான் உலகம் சுவிசேஷமாகக் கேட்டது. எனக்கு வேறொரு பயமும் உண்டு. நாலு பேர் இடுப்பில் துப்பாக்கியோடு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தால், மனநிலை சரியில்லாதவன், அழுக்குச் சட்டைக்காரன், நிறம் வேறானவன் எல்லாரும் முதலில் சந்தேகப்படத் தக்கவனாகத்தான் தெரிவான். சபைக்கு யார் வர வேண்டுமோ அவனே அவன்.

சாமுவேல்_முன்னாள்_மெடிக்:
நான் அமெரிக்க ராணுவத்தில் மருத்துவ உதவியாளனாக இருந்தவன், இரண்டு பேரிடமும் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் சபையில் ரத்தத்தை நிறுத்தத் தெரிந்தவர் எத்தனை பேர்? டூர்னிகே என்ற இறுக்குப் பட்டை, கை காலில் காயத்துக்கு மேலே கட்டி முறுக்குவது, ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில்தான் மறுபடி பரவலானது. அதற்குமுன் உறுப்பு போய்விடும் என்று பயந்து அதைக் கடைசி வழியாகத்தான் வைத்திருந்தார்கள். அந்தப் பாடத்தைப் பொதுமக்களுக்குக் கொடுக்கத்தான் 2015இல் வெள்ளை மாளிகை 'ஸ்டாப் தி பிளீட்' (ரத்தப்போக்கை நிறுத்து) இயக்கத்தைத் தொடங்கியது. ஆம்புலன்ஸ் வருமுன் ஒருவர் ரத்தம் போய்ச் செத்துவிட முடியும். கார் விபத்தோ கண்ணாடி வெட்டோ, எல்லாவற்றுக்கும் இது உதவும். இதயத் துடிப்பு திடீரென நின்றுவிட்டால் மின் அதிர்ச்சி கொடுத்து மீட்கும் ஏ.இ.டி. கருவி ஒன்றையும் சுவரில் மாட்டுங்கள். ராணுவப் பாரம்பரியம் என்று பேசுகிறவர்கள் இதை ஏன் விட்டுவிடுகிறார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை. ஜெபராஜ் அண்ணனுக்கு ஒரு வார்த்தை. வெஸ்ட் ஃப்ரீவேயில் அந்தக் கொலையாளியை வீழ்த்திய தொண்டர் முன்பு ஷெரிஃப் துறையில், அதாவது மாவட்டக் காவல்துறையில், ரிசர்வ் டெபுட்டியாக (துணைக் காவலராக) இருந்தவர், சுடும் பயிற்சிக் களம் நடத்தியவர். இறந்த இருவரில் ஒருவரும் காவல் குழுவைச் சேர்ந்தவர்தான், துப்பாக்கியை எடுக்கும்போதே சுடப்பட்டார். ஆறு மணி நேர வகுப்பு முடித்தவரிடம் அந்த ஆறு விநாடியை எதிர்பார்க்காதீர்கள்.

ஜெபராஜ்_டாலஸ்:
மருத்துவப் பயிற்சிக்கு நான் எதிரி இல்லை தம்பி, நாளைக்கே தொடங்கலாம். ஆனால் பட்டை கட்டுவது சுட்ட பிறகு. 2017 நவம்பர் 5 அன்று டெக்சஸின் சதர்லேண்ட் ஸ்பிரிங்ஸ் சபையில் ஒருவன் சுட்டதில் 26 பேர் இறந்தார்கள், வயிற்றில் இருந்த ஒரு குழந்தையையும் சேர்த்து. அங்கே அவனை எதிர்த்தவர் சபைக்குள் இல்லை, பக்கத்து வீட்டிலிருந்து துப்பாக்கியோடு ஓடி வந்தவர். அவர் உள்ளேயே இருந்திருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

கிரேஸ்மேரி:
அதே சம்பவத்தில் அந்தக் கொலைகாரனுக்குத் துப்பாக்கி எப்படிக் கிடைத்தது? மனைவியையும் குழந்தையையும் அடித்ததற்காக விமானப்படை நீதிமன்றமே 2012இல் தண்டித்தவன் அவன். அந்த விவரத்தை விமானப்படை, துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியைச் சோதிக்கும் எஃப்.பி.ஐ. பட்டியலுக்கு அனுப்பவில்லை, அதனால் கடையில் சோதனையைத் தாண்டிவிட்டான். 2021இல் ஒரு கூட்டாட்சி நீதிபதி 60 சதவீதப் பொறுப்பை அரசின் மேலேயே வைத்தார். நம் சபையில் அடிவாங்கும் பெண்கள் யாரும் இல்லையா? அவர்கள் மூப்பரிடம் சொன்னால் 'பொறுத்துப் போ' என்றுதானே அனுப்புகிறோம்? பாதுகாப்புக் கூட்டத்தில் முதல் பொருளாக அதை வையுங்கள், அப்புறம் சாமுவேல் சொன்ன பயிற்சி, அப்புறம் கதவுப் பூட்டு. துப்பாக்கிக்கு என் வாக்கு கிடையாது.

ஜெபராஜ்_டாலஸ்:
முதல் பொருளாக அதை வைக்க நான் சம்மதம், எழுதியே கொடுக்கிறேன். துப்பாக்கியையும் பட்டியலில் வைத்தே கொண்டுபோவேன், நீங்கள் எதிர்த்துப் பேசுங்கள்.