60 கேள்வியில் பிள்ளையின் தொழிலைச் சொல்லிவிடலாமாம்!

கரும்பலகை:
பதினோராம் வகுப்புப் பாடத்தேர்வு பற்றிய இழையில் தெளிவானபாதை என்ற நண்பர் நேற்று ஒரு முத்து உதிர்த்திருந்தார். அப்படியே ஒட்டுகிறேன்: "பள்ளியில் தொழில் வழிகாட்டல் என்று வருடக்கணக்கில் இழுப்பது வீண். 14 வயதுப் பிள்ளையிடம் 60 கேள்வி கேட்டால் போதும், எந்தத் தொழிலுக்குப் போகலாம் என்று சொல்லிவிடலாம்."

60 கேள்வி! சட்டைக்கு அளவெடுக்கிற தையற்காரர்கூட "வளர்கிற பிள்ளை, கொஞ்சம் தாராளமாக விடட்டுமா?" என்று ஒரு வார்த்தை கேட்பார். இவருக்கு அதுவும் தேவையில்லை. 27 வருடம் வகுப்பறையில் நின்றவன் நான். அதில் 11 வருடம் வழிகாட்டல் பொறுப்பும் என் தலையில்தான் இருந்தது. இந்த மாதிரிப் பேச்சைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை, அதனால் தனி இழை.

தெளிவானபாதை:
ஆசிரியர் ஐயா, மேற்கோள் காட்டும்போது முழுதாகக் காட்ட வேண்டும். நான் எழுதியது "ஓரளவு சொல்லிவிடலாம்". அந்த "ஓரளவு" எங்கே போனது?

அப்புறம், 60 கேள்வி என்பது நான் கனவில் கண்டதல்ல. அமெரிக்கத் தொழிலாளர் துறை இலவசமாகத் தருகிற 'இன்டரஸ்ட் புரொஃபைலர்' குறும்பதிப்பில் 60 கேள்விகள்தான். உளவியலாளர் ஜான் ஹாலண்ட் 1959இல் முன்வைத்த கோட்பாட்டின் மேல் கட்டப்பட்டது அது. செய்முறை, ஆய்வு, கலை, சமூகம், முனைவு, ஒழுங்குமுறை என்று மனிதர்களின் ஆர்வத்தை ஆறு வகையாகப் பிரிக்கிறார். வேலைகளையும் அதே ஆறாகப் பிரிக்கிறார். இரண்டையும் பொருத்திப் பார்க்கிறோம், அவ்வளவுதான். 27 வருடத்தில் ஒருநாள் இதைப் படித்திருக்கலாம்.

கரும்பலகை:
"ஓரளவு" நேற்று இரவு 11.40க்குச் சேர்க்கப்பட்டது. உங்கள் பதிவின் அடியிலேயே "திருத்தப்பட்டது" என்று இருக்கிறது நண்பரே. என் மேற்கோள் இரவு 9 மணிக்கு எடுத்தது.

ஹாலண்டைப் படித்திருக்கிறேன். அவர் எந்த இடத்தில் "60 போதும்" என்றார்? நீங்கள் சொல்லும் கருவியின் நீண்ட பதிப்பில் 180 கேள்விகள். உருவாக்கியவர்களே முதலில் 180 கேட்டார்கள், நீங்கள் 60இல் முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறீர்கள்.

மூன்றாவதுபெஞ்ச்:
எனக்கும் பள்ளியில் இப்படி ஒன்று வைத்தார்கள். "வனம், விலங்கு, திறந்தவெளி" என்று முடிவு வந்தது. இப்போது கணக்கு மென்பொருளில் பிழை தேடும் வேலை. காட்டைக் கணினித் திரையின் பின்புலப் படத்தில் தினமும் பார்க்கிறேன். எத்தனை கேள்வி என்று நான் எண்ணவில்லை, மன்னிக்கவும்.

தெளிவானபாதை:
மூன்றாவதுபெஞ்ச், முடிவு சரியாக வந்திருக்கிறது, நீங்கள்தான் அந்தப் பக்கம் போகவில்லை. வரைபடத்தைப் பார்க்காமல் வண்டி ஓட்டிவிட்டு வரைபடம் தப்பு என்றால் எப்படி?

இருபிள்ளைகளின்தாய்:
ஒரு சந்தேகம். அந்த 60 கேள்வியையும் நேற்று மகளோடு உட்கார்ந்து பார்த்தேன். எல்லாமே "இந்த வேலை பிடிக்குமா?" என்றுதான் இருக்கின்றன. மிகவும் பிடிக்கும் என்பதிலிருந்து சுத்தமாகப் பிடிக்காது என்பதுவரை ஐந்து படி. "முடியுமா?" என்று ஒன்றுகூட இல்லை. என் மகளுக்கு உயிரியல் உயிர், ஆனால் ரத்தத்தைப் பார்த்தால் மயங்கி விழுவாள். ஆர்வம் வேறு, திறன் வேறு அல்லவா? நீங்கள் இருவரும் எதைப் பற்றிப் பேசுகிறீர்கள்?

கரும்பலகை:
அம்மா, அதைத்தான் நானும் சொல்கிறேன், 60 போதாது!

சொற்கொல்லன்:
இழையின் பொருளை விடுங்கள். "வழிகாட்டல்" என்று எழுதுகிறீர்கள். "வழிகாட்டுதல்" அல்லவா சரி?

மூன்றாவதுபெஞ்ச்:
இரண்டும் தொழிற்பெயர்தான் ஐயா. ஒன்றுக்கு அல் விகுதி, மற்றதற்குத் தல். தொழில் பற்றிய இழையில் தொழிற்பெயருக்குச் சண்டையா?

சொற்கொல்லன்:
சிரிப்பதற்கு எழுதவில்லை. 'தொழில்' என்ற சொல்லே இங்கு இடிக்கிறது. வேலையும் தொழில், வணிகமும் தொழில், கைவினையும் தொழில். எதற்கு வழிகாட்டுகிறீர்கள் என்று யாராவது வரையறுத்தீர்களா?

கரும்பலகை:
வரையறையைப் பிறகு பார்க்கலாம். முதலில் இந்த 60ஐ முடிக்கிறேன்.

பிராங்க் பார்சன்ஸ் 1908இல் பாஸ்டனில் தொழில் வழிகாட்டல் நிலையம் தொடங்கினார். அதே வருடம் இறந்தும் போனார், புத்தகம் 1909இல்தான் வெளிவந்தது. அவர் சொன்னது மூன்று படி: உன்னை அறி, வேலைகளின் உலகத்தை அறி, இரண்டையும் சேர்த்து யோசி. இந்த 60 கேள்வி முதல் படியில் பாதி. மீதி இரண்டரைப் படியை யார் ஏறுவது?

இன்னொன்று. பல நாட்டு மாணவர்களைச் சோதித்துப் பார்க்கிற பீசா ஆய்வில், 2018இல், 15 வயதுப் பிள்ளைகளிடம் "30 வயதில் என்ன வேலையில் இருப்பாய்?" என்று கேட்டார்கள். அதை நடத்தும் ஓஇசிடி (பொருளாதாரக் கூட்டுறவு மற்றும் வளர்ச்சி அமைப்பு) 2020இல் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். 41 நாடுகளில் ஆண் பிள்ளைகளில் 47 சதவீதமும் பெண் பிள்ளைகளில் 53 சதவீதமும் வெறும் 10 வேலைகளுக்குள் அடங்கிவிட்டார்கள். 2000ஆம் ஆண்டைவிடப் பட்டியல் இன்னும் குறுகியிருக்கிறது. அதாவது பிள்ளைகளுக்கு வேலைகளின் பெயரே தெரியவில்லை. பெயர் தெரியாத வேலை பிடிக்குமா என்று கேட்டால் என்ன பதில் வரும்? நான் பொறுப்பில் இருந்தபோது ஒரு பையன் "கணினி வேலை" என்று மட்டும் மூன்று வருடம் சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு நில அளவையாளரை வகுப்புக்கு அழைத்துவந்தேன். முக்காலியை நிறுத்தி மைதானத்தை அளந்து காட்டினார். பையன் அன்று மாலை அவர் பின்னாலேயே போனான். எந்தக் கேள்வித்தாளும் அவனிடம் அதைக் கேட்டிருக்காது.

இங்கிலாந்தில் காட்ஸ்பி அறக்கட்டளைக்காக ஜான் ஹோல்மன் தயாரித்த 2014 அறிக்கையில், பள்ளியில் நல்ல தொழில் வழிகாட்டல் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு எட்டு அளவுகோல்கள். வேலை தருபவர்களைச் சந்திப்பது, வேலையிடத்தை நேரில் பார்ப்பது, பாடத்தையும் வேலையையும் இணைத்துச் சொல்வது, 16 வயதுக்குள் ஒரு முறையும் 18க்குள் இன்னொரு முறையும் ஆலோசகருடன் தனியாக உட்கார்ந்து பேசுவது. எட்டில் எங்காவது "60 கேள்வியோடு முடி" என்று இருக்கிறதா?

தெளிவானபாதை:
நீளமாக எழுதினால் உண்மை ஆகிவிடாது. வீட்டுப்பாட இழையில் இப்படித்தான் ஏழு பத்தி எழுதினீர்கள், கடைசியில் நீங்கள் சொன்ன வருடமே தப்பு என்று தெரிந்தது. அதற்கு இன்றுவரை ஒரு மன்னிப்பு இல்லை.

உங்கள் பார்சன்ஸும் வந்தவர்களிடம் நீளமான கேள்விப் பட்டியலைத்தான் கொடுத்தார். வழிகாட்டலின் தந்தையே கேள்வி கேட்டுத்தான் ஆரம்பித்தார்!

எட்டு அளவுகோல் என்கிறீர்கள், யார் செய்வது? பல பள்ளிகளில் இந்தப் பொறுப்பு நேரம் மிச்சமிருக்கிற யாரோ ஒரு கணக்கு ஆசிரியர் தலையில். அவருக்குத் தெரிந்த வேலை ஆசிரியர் வேலை மட்டும். அவர் வாய்க்கு வந்ததைச் சொல்வதைவிட 60 கேள்வி ஆயிரம் மடங்கு மேல்.

கரும்பலகை:
நான்தான் அந்தக் கணக்கு ஆசிரியர். வாய்க்கு வந்ததைச் சொன்னதில்லை.

"நீளமான" பட்டியல் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், நன்றி. அந்தப் பட்டியலுக்குப் பிறகு பார்சன்ஸ் எதிரே உட்கார்ந்து பேசவும் செய்தார். வீட்டுப்பாட இழையில் நான் தப்பாகச் சொன்னது ஒரு வருடம், ஒரே ஒரு வருடம். நீங்கள் தப்பாகச் சொல்வது ஒரு பிள்ளையின் நாற்பது வருடம்.

இருபிள்ளைகளின்தாய்:
ஆர்வம், திறன் பற்றி நான் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. போகட்டும். இது ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் ஒரே கேள்விதானா? என் காலத்தில் எங்களுக்கு ஆசிரியை, செவிலியர் இரண்டைத் தவிர யாரும் சொன்னதில்லை.

மூன்றாவதுபெஞ்ச்:
இதில் ஒரு பழைய கதை உண்டு அம்மா. எட்வர்ட் ஸ்ட்ராங் 1927இல் கொண்டுவந்த ஆர்வத் தேர்வு ஆண்களுக்கானது. 1933இல் பெண்களுக்குத் தனிப் படிவம் வந்தது. ஆண்களுடையது நீலம், பெண்களுடையது இளஞ்சிவப்பு, நிஜமாகவே! இரண்டையும் ஒன்றாக்க 1974 ஆனது. பிள்ளையின் மனசைப் படிக்கிறேன் என்று வருகிற கேள்வித்தாளுக்கு முன்கூட்டியே ஒரு மனசு இருக்கிறது.

தெளிவானபாதை:
50 வருடத்துக்கு முன்பு சரிசெய்ததை இப்போது எதற்கு இழுக்கிறீர்கள்? நான் சொல்லும் கருவியில் நீலமும் இல்லை, இளஞ்சிவப்பும் இல்லை. எல்லோருக்கும் அதே 60.

கரும்பலகை:
மறுபடியும் 60! சரி, எண்ணிலேயே பேசுவோம். ஆர்வம் காலப்போக்கில் எவ்வளவு மாறுகிறது என்று 66 நெடுங்கால ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வு 2005இல் வெளிவந்தது. ஆர்வம் நன்றாக உறைவது 18 முதல் 22 வயதுக்குள். நீங்கள் 14இல் கேட்கிறீர்கள். பால் உறையும் முன்பே தயிரைக் கடைகிறீர்கள்.

தெளிவானபாதை:
அதே தொகுப்பில் 12 வயதிலேயே ஆர்வம் ஓரளவு நிலையாக இருக்கிறது என்றும் இருக்கிறது. குணங்களைவிட ஆர்வம் அதிகம் நிலைப்பது என்றும் இருக்கிறது. பாதி வெட்டுவது உங்களுக்குப் பழக்கமாகிவிட்டது.

கரும்பலகை:
இந்த முறை "ஓரளவு" முதலிலேயே வந்துவிட்டதே, முன்னேற்றம்தான்.

சரி, ஒன்று கேட்கிறேன், நேராகப் பதில் வரட்டும். உங்கள் கையொப்பத்தில் நேற்றுவரை "கட்டண ஆலோசனைக்குத் தனிமடல் அனுப்பவும்" என்று இருந்தது. இன்று காணவில்லை. இலவசமாகக் கிடைக்கிற 60 கேள்விக்கு நீங்கள் எதற்குக் கட்டணம் வாங்குகிறீர்கள்?

தெளிவானபாதை:
முடிவை விளக்கிச் சொல்வதற்கு. ஆறு வகையில் மேலே வந்த மூன்றின் முதலெழுத்துகளாகத் தாளில் வரும் மூன்று எழுத்தைப் பார்த்துப் பெற்றோருக்கு ஒன்றும் புரியாது. ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுகிறேன்.

மூன்றாவதுபெஞ்ச்:
ஒரு நிமிடம். "60 கேள்வி போதும்" என்றவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுகிறாரா?

தெளிவானபாதை:
விளக்குவது வேறு, வழிகாட்டுவது வேறு.

சொற்கொல்லன்:
வேறு என்றால் வரையறுங்கள். இதற்குத்தான் ஆரம்பத்திலேயே கேட்டேன்.

மட்டுறுத்துநர்:
தனிநபர் வருமானம் பற்றிய பேச்சு வேண்டாம். கையொப்ப விளம்பரம் விதிப்படி நீக்கப்பட்டது, அவராக எடுக்கவில்லை. இழை திறந்தே இருக்கும், வார்த்தைகளில் கவனம்.

கரும்பலகை:
நான் வருமானத்தைக் கேட்கவில்லை, 60ஐத்தான் கேட்டேன். மூன்று நாளாக அதற்கு மட்டும் பதில் இல்லை.

இருபிள்ளைகளின்தாய்:
மகள் "அந்த நில அளவை மாமாவுக்கு என்ன படிக்க வேண்டும்?" என்று கேட்கிறாள். யாராவது சொல்லுங்களேன்.

மூன்றாவதுபெஞ்ச்:
நானும் இப்போது கைப்பேசியில் செய்து பார்த்தேன். இத்தனை வருடம் கழித்தும் காடு, விலங்கு, திறந்தவெளி. நான் என்ன பாவம் செய்தேன்?

தெளிவானபாதை:
பார்த்தீர்களா! இத்தனை வருடத்தில் ஒரு துளி மாறவில்லை. ஆசிரியர் ஐயா இதற்கு என்ன சொல்கிறார்?

கரும்பலகை:
தம்பி, எத்தனை கேள்வி வந்தது?

மூன்றாவதுபெஞ்ச்:
இப்போதுதான் எண்ணினேன். 30.

கரும்பலகை:
அது கைப்பேசிக்கான சிறு பதிப்பு. 60 இல்லை. கணக்கில் வராது.

தெளிவானபாதை:
30லேயே சரியாக வந்திருக்கிறது என்றால் 60 தாராளம்!

கரும்பலகை:
தம்பி காட்டிலா வேலை பார்க்கிறார்? எங்கே சரியாக வந்தது?

தெளிவானபாதை:
அதற்கு இரண்டாம் பக்கத்திலேயே பதில் சொல்லிவிட்டேன். போய்ப் படியுங்கள், முழுதாக.