லோன் வாங்கலாமா, நகைய விக்கலாமா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம் எல்லாருக்கும். ஈரோட்ல சின்னதா நைட்டி தைக்கிற யூனிட் வச்சிருக்கேன், 6 மெஷின், கனி மார்க்கெட் வாரச்சந்தைக்குத்தான் சரக்கு போகுது. இப்ப தீபாவளிக்கு பெரிய ஆர்டர் ஒண்ணு வந்திருக்கு, துணி எடுக்கவும் ரெண்டு ஓவர்லாக் மெஷின் வாங்கவும் 4 லட்சம் வேணும். பேங்க்ல முத்ரா (சின்ன தொழிலுக்கான அரசு கடன் திட்டம்), அதுல கிஷோர்ங்கிற பிரிவுல 5 லட்சம் வரைக்கும் கிடைக்கும், அடமானமே வேணாம்னு சொல்றாங்க. ஆனா வட்டிங்க, எங்க மார்க்கத்துல அது கூடாது. எங்க அத்தா (அப்பா) 30 வருஷம் கடை நடத்தி ஒரு பைசா வட்டிக்கு தொடல, அவரு கணக்கு நோட்ட நான் இன்னும் கல்லாப்பெட்டிலதான் வச்சிருக்கேன், அத பாக்கும்போது லோன் ஃபார்ம்ல கையெழுத்து போட கை வரமாட்டேங்குது.

நேத்து ராத்திரி வீட்ல அவங்க 8 பவுன் ஆரத்த மஞ்சத்துணில சுத்தி மெஷின் மேல வச்சிட்டு ஒண்ணும் பேசாம போய்ட்டாங்க. பொண்ணுக்குன்னு வச்சிருந்தது அது.

எங்க மார்க்க அறிஞர் ஹஜ்ரத்கிட்ட கேட்டேன், பங்கு முறைல சேருப்பா, லாபத்துக்கு விகிதம் முன்னாடியே பேசிக்கலாம், நஷ்டம்னா அவங்கவங்க போட்ட முதலுக்கு தக்கனன்னாரு. எனக்கும் அதுதான் மனசுக்கு ஒத்து வருது, ஆனா சொந்தக்காரங்களோட பங்கு போட்டா உறவு கெட்டுடுமோன்னு பயமா இருக்கு.

இப்படி பங்கு போட்டு தொழில் பண்ணவங்க யாராச்சும் இருக்கீங்களா அண்ணே, அக்கா? பத்திரம் எப்படி எழுதுனீங்க, பிரியும்போது மெஷின எப்படி பிரிச்சீங்க? செவ்வாய்க்கிழமை சந்தைக்குள்ள ஆர்டருக்கு பதில் சொல்லணும்.