திருப்பாப்புலியூர் வீட்டு வாட்ஸ்அப் குழு: ஆல்பம் வேலை

சனி, இரவு 8.40

நான்: எல்லோருக்கும் ஒரு செய்தி. என் கல்யாண ஆல்பத்தை நானும் தம்பியும் வீட்டிலேயே செய்யப் போகிறோம். படங்களை மட்டும் பென்டிரைவில் வாங்கியாயிற்று. டிசைன் எங்கள் பொறுப்பு, பிரிண்ட் மட்டும் புதுச்சேரியில் ஒரு போட்டோ லேபில்.

பெரியப்பா: ஏம்மா, கரிஷ்மா ஆல்பம் போடவில்லையா? எதிர் வீட்டுப் பையனுக்குப் பெட்டியோடு வந்தது. பார்க்கவே கம்பீரமாக இருந்தது.

நான்: பார்த்தேன் பெரியப்பா. 12-க்கு 36 இஞ்ச். அன்று பீரோ மேல் ஏற்றியதுதான், இன்னும் இறங்கவில்லை.

பெரியப்பா: கல்யாணம் ஒரு முறைதானே பாப்பா.

அம்மா: அதையே சொல்லித்தான் மாமா, பந்தல்காரரிலிருந்து பூக்காரர் வரை நம்மிடம் வாங்கிக்கொண்டு போனார்கள்.

தம்பி: கணக்கு சொல்கிறேன். 8-க்கு 12 இஞ்ச் புத்தகம், விரித்தால் 8-க்கு 24. மொத்தம் 15 ஷீட். இஞ்சுக்கு 300 புள்ளி என்றால் ஒரு ஷீட் 7200-க்கு 2400 பிக்சல். லேபில் ஷீட் கணக்கில்தான் காசு வாங்குகிறார்கள், அதனால் படம் குறைந்தால் பில்லும் குறையும். டிசைனுக்கு கிம்ப் என்ற மென்பொருள் இருக்கிறது, இலவசம்.

புதுச்சேரி அத்தை: மொத்தம் எத்தனை படம் கண்ணு?

நான்: 2,400 சொச்சம் அத்தை. அதில் 90 எடுக்க வேண்டும்.

பெரியப்பா: வெறும் 90ஆ? மேடை ஏறியவர்களே 300 குடும்பம் இருக்கும். மொய் வைத்தவர் வீட்டுக்கு வந்து ஆல்பத்தைப் புரட்டுவார். தன் படம் இல்லை என்றால் என்ன நினைப்பார்?

நான்: மேடைப் படங்களில் நானும் அவரும் அதே இடத்தில் அதே சிரிப்போடு நிற்கிறோம், பக்கத்தில் இருப்பவர்கள்தான் மாறுகிறார்கள். அவரவர் படத்தை அவரவருக்கு அனுப்பிவிடுகிறேன்.

பெரியப்பா: போனில் இருப்பது வேறு, ஆல்பத்தில் இருப்பது வேறு.

அத்தை: அண்ணன் சொல்வதும் நியாயம்தான். கடைசியில் சின்னச் சின்னதாக அடுக்கிவிட்டால் என்ன?

தம்பி: செய்யலாம். 2-க்கு 1.5 இஞ்ச் என்றால் ஒரு ஷீட்டில் 50 அடங்கும். இரண்டு ஷீட் ஒதுக்குகிறேன், 100 குடும்பம். எந்த 100 என்று பெரியப்பாவே பட்டியல் கொடுக்கட்டும்.

பெரியப்பா: என்னை எதற்குடா வம்பில் மாட்டிவிடுகிறாய்?

நெய்வேலிச் சித்தி: நான் எடுத்த படங்களை இப்போதுதான் குழுவில் போட்டேன், பாருங்கள்.

நான்: சித்தி! பாட்டி பந்தி நடக்கும்போது தூணோரம் உட்கார்ந்து வெற்றிலை இடிக்கிற படம்! 2,400-லும் இது இல்லை. போட்டோக்காரர் மேடையை விட்டு இறங்கவே இல்லை போலிருக்கிறது.

அம்மா: உரலைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு இடிக்கிறார்கள், சத்தம் கேட்கக்கூடாதென்று.

தம்பி: இதற்கு முழுப் பக்கம். ஆனால் சித்தி, இங்கே சாதாரணமாகப் போட்டால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி 1600 பிக்சலுக்குக் கொண்டுவந்துவிடும். அச்சில் அது 5 இஞ்ச் வரைதான் தெளிவாக இருக்கும். பேப்பர் கிளிப் குறியைத் தொட்டு டாக்குமெண்ட் என்பதில் போய் அனுப்புங்கள், அப்படியே வரும்.

சித்தி: சரிப்பா. சமையல்காரர் அண்டா பக்கத்தில் தூங்குகிற படமும் இருக்கிறது. வேண்டுமா?

நான்: கட்டாயம் வேண்டும் சித்தி.

பெரியப்பா: சமையல்காரருக்கு இடம் உண்டு, சம்பந்தி வீட்டுச் சித்தப்பாவுக்கு ஸ்டாம்பு அளவா? நன்றாக இருக்கிறது.

ஞாயிறு, காலை 10.15

தம்பி: இரண்டு ஷீட் மாதிரி போட்டிருக்கிறேன். குறை சொல்லுங்கள்.

அத்தை: தாலி கட்டுகிற படத்தில் மாப்பிள்ளை முகம் சரியாக நடுவில் வருகிறதே, மடிப்பில் போய்விடாதா?

தம்பி: ஆமாம் அத்தை, இடது பக்கம் தள்ளிவிடுகிறேன். ஓரத்திலும் அரை இஞ்ச் விடவேண்டும், வெட்டும்போது யார் கையும் போகக்கூடாது.

அம்மா: எல்லோரும் மஞ்சள் காமாலை வந்த மாதிரி இருக்கிறார்களே?

தம்பி: மண்டபத்து விளக்கு அப்படி. கிம்பின் லெவல்ஸில் வெள்ளைப் புள்ளி என்று ஒன்று இருக்கிறது. அதை எடுத்து மாப்பிள்ளை வேட்டியின் மேல் ஒரு முறை தொட்டால் மற்ற நிறங்கள் பெரும்பாலும் தாமாகச் சரியாகிவிடும். பட்டு வேட்டியில் தொட்டால் சரிவராது, வெள்ளை வேட்டியாக இருக்க வேண்டும்.

நான்: போன் திரையில் பளிச்சென்று தெரிவது காகிதத்தில் இருண்டுதான் வரும். முதலில் நான்கைந்து படங்களை 6-க்கு 4 அளவில் போட்டுப் பார்த்துவிட்டு லேபுக்குக் கொடுக்கலாம். காகிதம் மேட். பளபளப்பான தாளில் நம் ஊர் வியர்வைக்குக் கைரேகை எல்லாம் பதிந்துவிடும்.

அத்தை: அட்டைக்கு நான் காகிதம் வாங்கித் தருகிறேன். எஸ்.வி. படேல் சாலையில் அரவிந்தர் ஆசிரமத்துக் கைக்காகிதத் தொழிற்சாலை இருக்கிறதே, 1959-லிருந்து நடக்கிறது. பருத்தித் துணிக் கழிவில் செய்கிற தாள், எளிதில் பழுப்பேறாது. மார்பிள் மாதிரி வண்ணம் ஓடுகிற தாள் எடுத்து, லேபில் வெறும் அட்டையோடு தரச்சொல்லி, பைண்டிங் கடையில் ஒட்டிவிடலாம்.

அம்மா: மைதாப் பசையில் மயில்துத்தம் சேர்க்கச் சொல்லுங்கள் அண்ணி. இல்லாவிட்டால் பூச்சி வந்துவிடும்.

அத்தை: நல்ல யோசனை. ஆமாம், உன் கல்யாண ஆல்பம் எங்கே? நான் பார்த்தே வருடக் கணக்காகிறது.

அம்மா: தானே புயலில் போயிற்று அண்ணி. 2011 டிசம்பர் 30. ஓடு பறந்து பீரோ மேலே தண்ணீர் கொட்டியது. காய்ந்ததும் படங்கள் பக்கத்தோடு ஒட்டிக்கொண்டன. அவர் பிய்த்துப் பார்த்தார், முகமெல்லாம் எதிர்ப் பக்கத்தில் போய்விட்டது.

தம்பி: காயவிட்டிருக்கக் கூடாது அம்மா. ஈரமாக இருக்கும்போதே சுத்தமான தண்ணீரில் மெதுவாகப் பிரித்து, படம் மேலே பார்க்க உலர்த்த வேண்டும்.

அம்மா: அன்று கரண்டும் இல்லை, குடிக்கத் தண்ணீரும் இல்லை. யாருக்கு ஆல்பம் ஞாபகம்?

நான்: அதனால்தான் இதை இரண்டு பிரதி போடுகிறோம், ஒன்று அத்தை வீட்டில் இருக்கும். 2,400 படமும் கூகுள் டிரைவில் ஏறிக்கொண்டிருக்கிறது. 15 ஜிபி வரை காசு இல்லை.

சித்தி: இன்னொன்று கேட்க வேண்டும். மலைப்படியில் எடுத்த குரூப் போட்டோவில் பெரியப்பா பக்கத்தில் நீலச் சட்டைக்காரர் யார்?

பெரியப்பா: மாப்பிள்ளை வீட்டார் என்று நினைத்துத்தான் தோளில் கை போட்டேன்.

நான்: என் வீட்டுக்காரரிடம் கேட்டேன், அவர்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

அத்தை: திருவந்திபுரம் கோயிலில் முகூர்த்த நாளில் ஒரே நேரத்தில் எத்தனை கல்யாணம்! அடுத்த கல்யாணத்துக்காரர் வரிசை மாறி நின்றிருப்பார்.

தம்பி: அழித்துவிடட்டுமா? அரை மணி நேர வேலை.

அம்மா: வேண்டாம்டா. கையில் அட்சதை இருக்கிறது பார், நம் பிள்ளைகளுக்குத்தான் போட்டிருக்கிறார்.

பெரியப்பா: அவருக்கு மட்டும் பெரிய படமா? சரி, சரி. பட்டியலைச் செவ்வாய்க்கிழமை தருகிறேன். 100 போதாது, 120 ஆக்கு.

தம்பி: 120 என்றால் தலை மிளகு அளவுக்கு வரும் பெரியப்பா.

பெரியப்பா: பரவாயில்லை, கண்ணாடி போட்டுப் பார்த்துக்கொள்வார்கள்.