50-ஆம் பிறந்தநாளுக்கு ஒரே வாட்ச்: எக்ஸ்ப்ளோரரா, ஸ்பீட்மாஸ்டரா, ரிவர்சோவா?

நொடிமுள்:
அண்ணனுக்கு 50 நிறைகிறது. 1975-ல் பிறந்தவர். தம்பி தங்கைகள் எல்லோரும் சேர்ந்து ஒரே வாட்ச் வாங்கித் தருவதாக முடிவு. அலசிக் கடைசியில் மூன்று நிற்கிறது: ரோலெக்ஸ் எக்ஸ்ப்ளோரர் 36, ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் புரொஃபஷனல், ஜெய்கர் லெகூல்த்ர் ரிவர்சோ ட்ரிப்யூட். மணிக்கட்டுச் சுற்றளவு 16.5 செ.மீ. படிக்கக் கண்ணாடி போடுகிறார். கை கழுவும்போது வாட்சைக் கழற்ற மாட்டார். இதுவரை கட்டியதெல்லாம் பேட்டரி வாட்ச். பின்பக்கம் தமிழில் ஏதாவது பொறிக்க வேண்டும் என்பது தங்கையின் ஆசை. எதை எடுக்கலாம்?

எஃகுவளையம்:
உங்கள் கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது. எக்ஸ்ப்ளோரர். 100 மீட்டர் தாங்கும், கிரவுன் (பக்கவாட்டுக் குமிழ்) திருகி மூடுவது, நாளுக்குக் கூடக்குறைய 2 நொடிக்குள் ஓட வேண்டும் என்பது கம்பெனியே வைத்திருக்கும் அளவு. 2021-ல் வந்த இந்த மாடலில் இருக்கும் மெஷின் கேலிபர் 3230, கழற்றி வைத்தாலும் 70 மணி நேரம் ஓடும். வெள்ளி இரவு மேசையில் வைத்தால் திங்கள் காலையிலும் சரியான நேரம் காட்டும். பேட்டரி வாட்ச் கட்டிப் பழகியவருக்கு இதுதான் முக்கியம். மற்ற இரண்டும் சாவி கொடுக்கும் வாட்ச். பத்து நாள் ஆசையாகக் கொடுப்பார், பதினோராம் நாள் அது நின்றிருக்கும்.

சாவிகொடு:
காலையில் அரை நிமிடம் சாவி கொடுப்பது ஒரு வேலையா சார்? ஐம்பதுக்கு வாங்கும் வாட்ச் நேரம் பார்க்க மட்டும்தான் என்றால் போனே போதும். ஸ்பீட்மாஸ்டரை 1965-ல் நாசா சோதித்து விண்வெளிப் பயணத்துக்கு ஏற்றுக்கொண்டது, 1969-ல் அது நிலவுக்கும் போய் வந்தது. இப்போதைய கேலிபர் 3861 ஒரு முழு சாவிக்கு 50 மணி நேரம் ஓடும். 15,000 காஸ் காந்தப்புலத்தில் வைத்துச் சோதித்து, நாளுக்கு 0 முதல் 5 நொடி வரை முந்தலாம், பிந்தக் கூடாது என்று ஸ்விஸ் அளவியல் நிறுவனமான மெடாஸ் சான்று கொடுக்கிறது. டேப்லெட் உறை, போன் ஸ்பீக்கர், பையின் காந்தப் பூட்டு என்று வீட்டுக்குள் காந்தம் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

எஃகுவளையம்:
எக்ஸ்ப்ளோரரின் நீல ஹேர் ஸ்பிரிங்கும் (ஓட்ட வேகத்தைக் கட்டுப்படுத்தும் மெல்லிய சுருள்) காந்தத்துக்கு லேசில் மசியாதது. அப்படியே ஒட்டிக்கொண்டாலும் வாட்ச் திடீரென வேகமாக ஓடுவதில் தெரிந்துவிடும், டீமேக்னடைசர் என்ற காந்தம் நீக்கும் கருவியில் சில நொடி வேலை. அதை வைத்து வாட்ச் தேர்ந்தெடுப்பது அதிகம்.

கண்ணாடி விஷயத்துக்கு வாருங்கள். ஸ்பீட்மாஸ்டரில் ஓடிக்கொண்டே இருக்கும் நொடிமுள் 9 மணிப் பக்கத்துக் குட்டி வட்டத்தில் இருக்கிறது. 3 மணிப் பக்கம் க்ரோனோவின், அதாவது ஸ்டாப்வாட்சின், 30 நிமிட வட்டம், 6 மணிப் பக்கம் 12 மணி நேர வட்டம். படிக்கக் கண்ணாடி இல்லாத நேரத்தில் அந்த வட்டங்கள் மூன்றும் வெறும் அலங்காரம். எக்ஸ்ப்ளோரரில் பெரிய 3, 6, 9 மட்டும். தூக்கக் கலக்கத்திலும் தெரியும்.

சாவிகொடு:
மணியும் நிமிடமும் ஸ்பீட்மாஸ்டரிலும் கறுப்பு டயலில் வெள்ளை முள்தான், அதைப் படிக்கக் கண்ணாடி எதற்கு? நொடியை யார் பார்க்கிறார்கள்? ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், மூன்றிலும் தேதி கிடையாது. பேட்டரி வாட்சில் தேதி பார்த்துப் பழகியவர் முதல் மாதம் முழுக்க டயலைத் தடவுவார். இதை ஏன் யாரும் சொல்லவில்லை?

நொடிமுள்:
அட, அதை நாங்கள் யோசிக்கவே இல்லை. ஆனால் செக்கில் கையெழுத்துப் போடும்போது கூட போனைத்தான் எடுப்பார். பரவாயில்லை.

பழையடயல்:
மூன்றையும் ஓரமாக வையுங்கள். 1975-ல் பிறந்தவருக்கு 1975 வாட்ச் கொடுங்கள். ஸ்பீட்மாஸ்டர் 145.022, உள்ளே கேலிபர் 861. இல்லை எக்ஸ்ப்ளோரர் 1016, அதுவும் 36 மி.மீ.தான். அண்ணனும் வாட்சும் ஒரே வயது. இதைவிடப் பொருத்தமான பரிசு கடையில் கிடைக்குமா?

பின்மூடி:
யோசனை அழகு, ஆள்தான் தவறு. கை கழுவும்போது கழற்றாதவருக்கு ஐம்பது வருடப் பழைய கேஸா (வாட்சின் வெளிக்கூடு)? தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையமான கேஸ்கெட்டைப் புதிதாகப் போடலாம். கிரவுன் குழாயும் க்ரோனோ பட்டன்களின் உட்குழாயும் தேய்ந்திருந்தால் என்ன செய்வீர்கள்? பழசைத் தண்ணீர் படாத பொருளாகத்தான் நடத்த வேண்டும். ஒரு துளி உள்ளே போய் டயலில் படர்ந்தால் போச்சு. அந்த டயலுக்குத்தானே அவ்வளவு விலை.

இன்னொன்று. அந்தக் காலத்து ஒளிப்பூச்சு ட்ரிஷியம் என்ற கதிரியக்கப் பொருள். டயலின் அடியில் ஸ்விஸ் மேட் என்ற எழுத்துக்கு இருபுறமும் ஒரு டி இருக்கும். ட்ரிஷியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டு. 50 ஆண்டில் நாலு தடவை பாதியாகிவிட்டது, மிச்சம் பதினாறில் ஒரு பங்கு. ஆகவே இருட்டில் ஒளிராததுதான் ஒழுங்கான வாட்ச். புற ஊதா டார்ச் அடித்துப் பாருங்கள். லேசாக மினுங்கி உடனே அணைந்தால் நல்லது. டார்ச்சை அணைத்த பிறகும் பச்சையாக நின்று ஒளிர்ந்தால் யாரோ புதுப் பூச்சு வைத்திருக்கிறார்கள். முள்ளின் பூச்சும் டயலின் பூச்சும் வெவ்வேறு நிறத்தில் இருந்தால் முள் வேறு எங்கிருந்தோ வந்தது என்று சந்தேகப்படுங்கள்.

பழையடயல்:
இதையெல்லாம் பார்த்துத்தானே வாங்குவார்கள்! க்ரோனோவை ஓட்டி நிறுத்தி ரீசெட் அழுத்தினால் பெரிய முள் 12-ல் அச்சாக வந்து நிற்க வேண்டும், அரைக் கோடு தள்ளி நின்றால் சர்வீஸ் பாக்கி இருக்கிறது. ஓட்டத்தை அளக்கும் டைம்கிராஃபர் கருவியில் முழு சாவியில் அம்ப்ளிட்யூட் (உள்ளே ஆடும் சக்கரத்தின் வீச்சு) 250 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது. இரண்டும் சரியாக இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை.

பின்மூடி:
டைம்கிராஃபரில் வீச்சைக் கணக்கிட உதவும் லிஃப்ட் ஆங்கிள் என்ற கோணத்தை அந்தந்தக் கேலிபருக்கு மாற்றாமல் எடுத்த அம்ப்ளிட்யூட் எண் பொய். கருவி தானாக 52 டிகிரியில் நிற்கும், பலர் அதைத் தொடுவதே இல்லை. விற்பவர் அனுப்பும் படத்தில் அந்த 52-ஐத் தேடிப் பாருங்கள். அப்புறம், வரிசை எண்ணை வைத்துச் சொல்லும் ஆண்டு மெஷின் தயாரான ஆண்டு. கடையில் விற்றது ஓரிரு வருடம் தள்ளியும் இருக்கும். 'பிறந்த வருட வாட்ச்' என்று சத்தியம் செய்ய முடியாது.

பழையடயல்:
சரி, கழற்றாத கை என்பதால் விட்டுக்கொடுக்கிறேன். வாட்சின் மேல் தப்பில்லை.

வெள்ளைப்பனி:
கிராண்ட் செய்கோ எஸ்பிஜிஏ211-ஐ ஏன் யாரும் சொல்லவில்லை? ஸ்பிரிங் சக்தியில் ஓடி மின்சுற்றால் கட்டுப்படும் ஸ்பிரிங் டிரைவ், பேட்டரி கிடையாது, மாதத்துக்கு 15 நொடிக்குள், 72 மணி நேரம், டைட்டானியம் என்பதால் கையில் இருப்பதே தெரியாது. தேதியும் உண்டு.

பின்மூடி:
நல்ல வாட்ச். ஆனால் 41 மி.மீ. விட்டம், லக் (பட்டையைப் பிடிக்கும் கொம்பு) முனையிலிருந்து முனை 49. இருட்டில் ஒளிராது. மெஷினில் மின்சுற்று இருப்பதால் தெருமுனை ரிப்பேர்க்காரர் தொட மாட்டார், கம்பெனிக்குத்தான் போக வேண்டும். மூன்று நாலு வருடத்துக்கு ஒரு முறை சர்வீஸ் என்று அவர்களே சொல்கிறார்கள். 16.5 கைக்கு நான் சொல்ல மாட்டேன்.

கை அளவைச் சுற்றளவில் மட்டும் பார்க்கிறார்கள், அது பாதிக் கணக்கு. மணிக்கட்டின் மேல்பக்கம் தட்டையாக இருக்கும் அகலத்தை ஸ்கேலில் அளங்கள். 16.5 சுற்றளவுக்குப் பொதுவாக 50, 52 மி.மீ. வரும், உருண்டையான கை என்றால் இன்னும் குறையும். லக் நீளம் அதற்குள் அடங்க வேண்டும். எக்ஸ்ப்ளோரர் 36 சுமார் 43, ரிவர்சோ 45.6, ஸ்பீட்மாஸ்டர் 48-க்குச் சற்றுக் கீழ். ஸ்பீட்மாஸ்டர் உட்காரும், ஆனால் 13 மி.மீ. தடிமன், சட்டைக் கை பொத்தான் போட்டால் மாட்டும்.

சாவிகொடு:
மாட்டினால் கீறல் விழும் என்றுதானே? அதற்குத்தான் ஹெசலைட் கண்ணாடி இருக்கிறது. பிளாஸ்டிக்தான், ஆனால் உடைந்து சிதறாது. கீறல் விழுந்தால் பாலிவாட்ச் பசையைப் பட்டாணி அளவு வைத்து, பருத்தித் துணியால் கீறலுக்குக் குறுக்காக மூன்று நாலு நிமிடம் தேய்த்தால் போய்விடும். சஃபையர் கண்ணாடியில் கீறல் விழாது, விளிம்பில் அடிபட்டால் சில்லு போகும், அப்போது கண்ணாடியையே மாற்ற வேண்டும். ஒரே எச்சரிக்கை: கையில் கட்டிக்கொண்டு சாவி கொடுக்கக் கூடாது. கிரவுன் சாய்ந்து அதன் தண்டான ஸ்டெம்மை ஒரு பக்கமாக அழுத்தும். கழற்றி, தட்டும் இடம் வரை திருகி, அங்கேயே நிறுத்துங்கள்.

எஃகுவளையம்:
தினமும் திருகும் கிரவுனில் கேஸ்கெட் தினமும் தேய்கிறது. ஸ்பீட்மாஸ்டரின் 50 மீட்டர் இன்றைக்குக் கை கழுவத் தாராளம், மூன்று வருடம் கழித்தும் அப்படியே இருக்கும் என்று நினைக்காதீர்கள். சோப்பு நுரையும் வெந்நீரும் ரப்பரைச் சீக்கிரம் தின்னும். வருடம் ஒரு முறை பிரஷர் டெஸ்ட் எடுக்க வேண்டும். சர்வீஸுக்கு ஐந்து முதல் எட்டு வருடம், க்ரோனோ என்பதால் பாகங்களும் கூலியும் மூன்று முள் வாட்சைவிட அதிகம். எக்ஸ்ப்ளோரருக்கு ரோலெக்ஸ் சொல்வது சுமார் பத்து வருடம்.

பின்மூடி:
எக்ஸ்ப்ளோரரிலும் ஒரு இடத்தில் கை தவறும். கிரவுனைத் திருகும்போது மரை ஏறுமாறாக விழுந்தால் குழாய் கெட்டுப்போகும். முதலில் லேசாக அழுத்தியபடி பின்பக்கமாகச் சுற்றுங்கள். 'டொக்' என்று மரை இறங்குவது விரலில் தெரியும், அப்புறம்தான் முன்பக்கம். ஆட்டோமேட்டிக் என்பதால் அடிக்கடி திறக்க வேண்டாம், நின்றுபோனால் மட்டும் முப்பது நாற்பது சுற்று.

ஆனால் எஃகுவளையம் ஒன்றை மறைக்கிறார். கடைக்குப் போனால் எக்ஸ்ப்ளோரர் அன்றே கிடைக்குமா?

எஃகுவளையம்:
மறைக்கவில்லை. பெயர் கொடுத்துக் காத்திருக்கத்தான் வேண்டும். அவசரம் என்றால் 2022 டிசம்பரில் தொடங்கிய ரோலெக்ஸின் சர்டிஃபைடு ப்ரீ-ஓன்ட் (கம்பெனி சான்றளித்த கைமாறிய வாட்ச்) வழியில் பாருங்கள், இரண்டு வருட கேரண்டி உண்டு. வேறு இடத்தில் கைமாறியது வாங்கினால் லக்கைப் பாருங்கள். மேலே மேட் கோடு, பக்கவாட்டில் கண்ணாடிப் பளபளப்பு, இரண்டும் சேரும் விளிம்பு கத்தி மாதிரி இருக்க வேண்டும். மழுங்கியிருந்தால் பாலிஷ் போட்டுப் போட்டு எஃகைத் தின்றிருக்கிறார்கள். செயினில் எத்தனை கண்ணி இருக்கிறது என்றும் எண்ணுங்கள்.

நொடிமுள்:
தங்கை கேட்ட பொறிப்பு பற்றி யாரும் பேசவில்லையே.

பின்மூடி:
அங்கேதான் ரிவர்சோ மற்ற இரண்டையும் ஒதுக்குகிறது. ஹெசலைட் ஸ்பீட்மாஸ்டரின் பின்மூடியில் நிலவுக் கதை ஏற்கெனவே பொறித்திருக்கிறது, சஃபையர் மாடலில் பின்பக்கமும் கண்ணாடி. எக்ஸ்ப்ளோரரின் பின்மூடி வழவழப்பானது, பொறிக்கலாம். ஆனால் மூடியைத் தனியாகக் கழற்றித்தான் பொறிக்க வேண்டும், மெஷின் உள்ளே இருக்கும்போது அல்ல. வெளியாள் திறந்தால் வாரண்டியில் கேள்வி வரும். எழுத்தும் தோல் பக்கம் ஒளிந்திருக்கும். ரிவர்சோ 1931-ல் போலோ ஆட்டத்தில் கண்ணாடி உடையாமலிருக்கத் திருப்பிப் போடும் கேஸாக வந்தது. அந்த வெறும் முதுகு பொறிப்பதற்கென்றே விட்ட இடம் மாதிரி. கேஸைத் தள்ளித் திருப்பினால் எழுத்து மேலே வரும்.

எஃகுவளையம்:
30 மீட்டர், தோல் பட்டை, 42 மணி நேரச் சாவி. கழற்றாமல் கை கழுவுகிறவருக்கு? பட்டை ஒரு வருடத்தில் நாறும்.

பின்மூடி:
பட்டையை மாற்றலாம், ரப்பரோ துணியோ போடலாம். தண்ணீர்தான் உண்மையான குறை, ஒப்புக்கொள்கிறேன். தெறிப்பைத் தாங்கும், குழாயடியில் நீட்டக் கூடாது. திருப்பும்போது கேஸை முழுக்கத் தள்ளிய பிறகே சுழற்ற வேண்டும், பாதியில் நெம்பினால் தண்டவாளம் தேயும். அந்தப் பள்ளத்தில் சேரும் மணலை மெல்லிய பிரஷால் மாதம் ஒரு முறை தட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் கேஸ் உட்காரும் தொட்டிலில் கோடு கோடாக விழும். அண்ணன் பழக்கத்தை மாற்றுவார் என்றால் ரிவர்சோ, மாற்ற மாட்டார் என்றால் எக்ஸ்ப்ளோரர்.

சாவிகொடு:
ஆக என் வாட்சைச் சட்டைக் கையும் பின்மூடியும் சேர்ந்து கொன்றுவிட்டன. சரி.

நொடிமுள்:
அண்ணன் பழக்கத்தை மாற்றமாட்டார். எக்ஸ்ப்ளோரருக்குப் பெயர் கொடுக்கிறோம், பொறிப்பும் அதிலேயே. 'அன்புடன் தம்பி தங்கைகள்', கூடவே தேதி. பொறிப்பவரிடம் எப்படிக் கொடுப்பது?

பின்மூடி:
முதலில், யாரைக் கொண்டு பொறித்தால் வாரண்டி நிற்கும் என்று வாங்கும் கடையிலேயே கேட்டுவிடுங்கள். வார்த்தையாகத் தட்டச்சு செய்து அனுப்பாதீர்கள். தமிழ் தெரியாத மென்பொருளில் கொம்பு முன்னே பின்னே ஓடும், 'கொ' மூன்று துண்டாகும், புள்ளி காணாமல் போகும். எழுத்தை அவுட்லைனாக மாற்றிய வெக்டர் கோப்பாகக் கொடுங்கள். எழுத்து உயரம் ஒன்றரை மி.மீ.க்குக் கீழே போனால் 'ண', 'ஞ' சுழிகள் அடைந்து கறுப்புப் புள்ளியாகிவிடும். நீங்கள் சொன்னதில் 'ங்கை' இருக்கிறது, அதுவே நெருக்கடி, இரண்டு மில்லிமீட்டருக்குக் குறைக்காதீர்கள். கோடு ஒரே தடிமனில் இருக்கும் எழுத்துரு எடுங்கள். முதலில் ஒரு பித்தளைத் தகட்டில் பொறித்துக் காட்டச் சொல்லி, தங்கையிடம் கொடுத்துக் கண்ணாடி போடாமல் படிக்கச் சொல்லுங்கள்.