நெட் பறக்கிறது, பேச்சு மட்டும் திக்குகிறது

பாளையங்கோட்டை, மகாராஜநகர்:

வீட்டில் இருந்தே சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறேன். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு மீட்டிங். காலையில் பேசினால் பக்கத்து அறையில் இருந்து பேசுகிற மாதிரி இருக்கும் குரல், ஐந்து மணிக்கு மட்டும் "சார், கிணத்துக்குள்ள இருந்தா பேசுறீங்க?" என்று ஆகிவிடும். ஸ்பீடு டெஸ்ட் போட்டால் 50 எம்பிபிஎஸ் பிளானுக்கு 48 காட்டும். அப்புறம் என்னதான் கோளாறு?

நெட் கம்பெனியின் கஸ்டமர் கேரில் "100 பிளானுக்கு மாறிக்கோங்க சார், சரியாயிரும்" என்றார்கள். மாறினேன். டவுன்லோடு 100 ஆனது. அப்லோடு பழைய 20தான். மாசம் பணம் கூடியதுதான் மிச்சம். ஃபைபர் லைன் பார்க்க வந்த தம்பி மீட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, "லைட்டு எல்லாம் நல்லா வருது அண்ணாச்சி, உங்க வீட்டுக்குள்ளதான் ஏதோ" என்று சொல்லிவிட்டுப் போனான். (அன்றைக்கு அவனை மனசுக்குள் திட்டினேன். அவன் சொன்னதுதான் சரி.)

ஒரு நாள் உட்கார்ந்து பிங் போட்டுப் பார்த்தேன் (ஒரு குட்டித் தகவலை அனுப்பி, பதில் வர எத்தனை மில்லி செகண்ட் ஆகிறது என்று பார்ப்பது). லேப்டாப்பை ரூட்டரோடு கேபிளில் இணைத்து, ரூட்டரின் முகவரியான 192.168.1.1க்கு அடித்தால் ஒரு மில்லி செகண்டுக்கும் கீழே. வெளியே கூகுளின் 8.8.8.8க்கு மதியம் 14. ஐந்து மணிக்கு அதே 8.8.8.8க்கு 360, 390 என்று ஏறி நிற்கிறது. ஐந்தரைக்கு மேல் படபடவென்று இறங்கி மறுபடி 14.

சாயங்காலம் வீட்டில் என்ன மாறுகிறது என்று யோசித்தேன். நாலே முக்காலுக்கு மனைவி பள்ளிக்கூடம் விட்டு வருகிறாள். ஆண்டு விழா சமயம். அவள் வாசல்படி தாண்டியதும் போன் வைஃபையைப் பிடித்து, அன்றைக்கு எடுத்த ஆட்டம் பாட்டம் வீடியோ அத்தனையையும் பேக்கப் ஏற்ற ஆரம்பித்துவிடுகிறது. அப்லோடு 20ம் அதற்கே போய்விடும். என் குரல் அதன் பின்னால் வரிசையில் நிற்கும். கணக்கு எளிது: ஒரு எம்பி வரிசையில் நின்றால் அது எட்டு மெகாபிட். நொடிக்கு 20 மெகாபிட் போகிற வழியில் அதைக் கடத்த 0.4 நொடி, அதாவது 400 மில்லி செகண்ட். நான் பார்த்த 390 இதுதான்.

இதற்குப் பெயர் பஃபர்புளோட். ஜிம் கெட்டிஸ் 2010 வாக்கில் தன் வீட்டு நெட்டில் இதே அவஸ்தைப்பட்டுத் தோண்டியெடுத்த விஷயம். பாக்கெட் (நெட்டில் போகிற தகவல் துண்டு) தொலையக் கூடாது என்று பெட்டி செய்கிறவர்கள் பெரிய பெரிய பஃபராக (பாக்கெட் வரிசையில் காத்திருக்கும் இடம்) வைக்கப் போய், அதுவே வினையாகிவிட்டது.

குலவணிகர்புரம் ரயில்வே கேட்டில் நின்றவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ரோட்டை எவ்வளவு அகலமாகப் போட்டாலும் கேட்டில் பத்து லாரி நின்றால் பின்னால் வருகிறவனும் நிற்க வேண்டியதுதான். டூவீலர்காரன் மட்டும் நிற்க மாட்டான். ஓரமாக நுழைந்து முன்னால் போய்விடுவான். ரூட்டரில் அந்த ஓரத்தைத் திறந்துவிடுகிற முறைகள்தான் எஃப்க்யூ கோடல், கேக் இரண்டும். குட்டிக் குட்டியாக வரும் குரல் பாக்கெட்டைத் தனி வரிசையில் முன்னால் அனுப்பும். லாரிகளும் அளவுக்கு மேல் சேராமல் பார்த்துக்கொள்ளும்.

நெட் கம்பெனி கொடுத்த பெட்டியில் அந்த வசதி இல்லை. ஓப்பன்டபிள்யூஆர்டி என்கிற இலவச ரூட்டர் மென்பொருள் ஏற்றக்கூடிய ரூட்டர் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கி, அதில் எஸ்க்யூஎம் (வரிசையை மேய்க்கிற அந்த வசதி) போட்டு, அப்லோடு 18, டவுன்லோடு 90 என்று வைத்தேன். கம்பெனிப் பெட்டியின் வைஃபையை அணைத்துவிட்டேன். வீட்டில் உள்ள எல்லாப் போனும் இந்த ரூட்டர் வழியாகத்தான் போக வேண்டும். லைன் தருவதைவிடக் கொஞ்சம் குறைத்து வைத்தால்தான் வரிசை நம் ரூட்டரில் நிற்கும், நம் சொல் கேட்கும். ரொம்பப் பழைய ரூட்டர் வாங்காதீர்கள், பிராசஸர் மூச்சு வாங்கும்.

இப்போது வீடியோ ஏறிக்கொண்டிருக்கும்போதே பிங் 20, 22. அப்பாவுக்குத்தான் வருத்தம்: "நூறுக்குப் பணம் கட்டிட்டு தொண்ணூறு போதும்ங்கியே, கூறுகெட்டவனே."

நெல்லை டவுன், மேல ரதவீதி:

எனக்கு உங்கள் நோய் இல்லை, வேறு நோய். ஆனித் தேரோட்டத்துக்கு ரதவீதியில் குறுக்கே போகிற வயரை எல்லாம் இறக்கினார்கள். தேர் நிலைக்கு வந்த பிறகு திரும்பக் கட்டினார்கள். அதில் இருந்து பிடித்தது சனியன். பிங் சராசரி 15தான், ஆனால் நடுநடுவே 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்'. நூறு அடித்தால் ஏழெட்டு திரும்பி வராது. பெட்டியில் சிவப்பு விளக்கு எரியவில்லை, அதனால் "லைன் நல்லாத்தான் இருக்கு" என்றே மூன்று வாரம் ஓட்டிவிட்டார்கள்.

கடைசியில் மீட்டர் வைத்துப் பார்த்தால் மைனஸ் 28 டிபிஎம் (ஃபைபரில் வருகிற வெளிச்சத்தின் அளவு, மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாக வெளிச்சம் குறைவு). சாதாரண வீட்டுப் பெட்டி மைனஸ் 27 வரைக்கும்தான் ஒழுங்காகப் படிக்குமாம். மாடிக் கைப்பிடியில் ஃபைபரைக் கட்டுக்கம்பி மாதிரி மடக்கிக் கட்டியிருக்கிறார்கள்! இறுக்கி வளைத்த இடத்தில் வெளிச்சம் வெளியே கசிந்துவிடும். மடிப்பை எடுத்து, பச்சைக் கனெக்டரைத் துடைத்து மாட்டியதும் மைனஸ் 20. அதோடு சரி. தொலைந்த பாக்கெட்டைத் திரும்ப அனுப்பச் சொல்லிக் காத்திருப்பதும் தாமதம்தான். அதற்கு எஸ்க்யூஎம் போட்டு ஒன்றும் ஆகாது.

பணகுடி:

பையன் வலோரண்ட் என்கிற ஆன்லைன் கேம் ஆடுகிறான், மும்பை சர்வரில். பிங் 60க்கும் 180க்கும் நடுவே துள்ளுகிறது. ரூட்டருக்கே அடித்துப் பார்த்தேன்: 3ல் இருந்து 110 வரை. தாத்தா கட்டின வீடு, ஒன்றரை அடிச் சுவர். ரூட்டர் முன்வாசலில், பையன் பின்கட்டில். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அந்தச் சுவரைத் தாண்டவே இல்லை. 2.4ல் தெரு வைஃபை எல்லாம் ஒன்றாக முட்டி மோதுகிறது. சானலை 1, 6, 11 என்று மாற்றி மாற்றிப் பார்த்தேன். இரண்டு நாள் நன்றாக இருந்தது, மறுபடி பழைய குருடி. டிஎன்எஸ்ஸை 1.1.1.1 ஆக்கினால் பிங் குறையும் என்கிறான் பையன். 5 மில்லி செகண்ட் வேண்டுமாம் அவனுக்கு.

மகாராஜநகர், மறுபடி:

டிஎன்எஸ் பெயரைக் கேட்டு முகவரி சொல்கிற ஆள், அவ்வளவுதான். நல்ல டிஎன்எஸ் என்றால் பக்கம் சட்டென்று திறக்கும். ஆட்டம் தொடங்கியபின் அதற்கு அங்கே வேலை இல்லை.

உங்கள் பையனிடம் ஒரு கணக்கு சொல்லுங்கள். கண்ணாடி இழைக்குள் ஒளி மில்லி செகண்டுக்குச் சுமார் 200 கிலோமீட்டர்தான் போகும். நெல்லையில் இருந்து சென்னை 600க்கு மேல். அங்கிருந்து மும்பை 1,300. அந்த வழியில் போக வர 3,800 கிலோமீட்டர். ஒளி நடந்து வரவே 19 மில்லி செகண்ட் ஆயிற்று. நடுவில் இருக்கிற பெட்டிகளையும் சேர்த்து 35, 40 வந்தால் கையெடுத்துக் கும்பிடலாம். 5 வேண்டுமென்றால் சர்வரைப் பணகுடிக்குக் கொண்டுவர வேண்டும்.

உங்களுக்கு ரூட்டருக்கே 110 எகிறுகிறது, அதனால் கம்பெனிக்காரனிடம் சண்டைக்குப் போகாதீர்கள். கேபிள் இழுங்கள். கேட் 5இ ரகக் கேபிளே போதும், 100 மீட்டர் வரை தாங்கும்.

விக்கிரமசிங்கபுரம்:

எங்கள் தெருவில் குரங்கு கேபிளில் தொங்கி ஆடுகிறது. அதற்கு ஏதாவது செட்டிங் இருக்கிறதா?

பணகுடி:

நெல்லை ஜங்ஷனில் 25 மீட்டர் கேபிள் வாங்கியாச்சு. கடைக்காரர் கேட் 6தான் இருக்கு என்றார், சரி என்று எடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சுவரில் துளை போட ஆள் வருகிறார். ஒன்றரை அடிக்கு நீளமான டிரில் பிட் வேண்டுமாம், அதற்கு வாடகை தனியாம். போட்டுவிட்டு எண்களைச் சொல்கிறேன்.