கீர்கங்கா வெந்நீரூற்று: அறுபதைக் கடந்த அம்மாவை அழைத்துச் செல்லலாமா?

மயூர் விஹார் வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கார்த்திகேயன் தவமிருந்த தலம் என்று இமாசலத்தில் சொல்லப்படும் கீர்கங்காவைப் பற்றி, தில்லியின் முருகன் கோயிலான மலை மந்திரில் யாரோ சொல்லக் கேட்டதிலிருந்து, அங்குள்ள வெந்நீர்க் குளத்தில் ஒருமுறையாவது நீராடிவிட வேண்டும் என்று என் அம்மா விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்கு வயது 64. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறார். மலை மந்திரின் படிகளை நிதானமாக ஏறிவிடுவார், இறங்கும்போதுதான் முழங்கால் வலிக்கிறது என்பார். அக்டோபர் நடுவில் அலுவலக விடுப்பு கிடைக்கும் போலிருக்கிறது. வண்டிச்சாலை முடியும் பர்ஷைனியிலிருந்து நடக்க வேண்டிய தூரம் அவரால் முடியக்கூடியதா, பெண்கள் குளிக்க மறைவான இடம் உண்டா, நீரின் சூடு அவர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா என்பவை என் கேள்விகள். யூடியூப் காணொளிகளில் நடப்பவர்கள் எல்லோரும் கல்லூரிப் பிள்ளைகளாக இருப்பதால் அவற்றிலிருந்து எதையும் முடிவு செய்ய இயலவில்லை. கீழே எரிமலை இருக்கிறதா என்று என் மகன் வேறு கேட்கிறான். தெரிந்தவர்கள் அதையும் சொல்லலாம்.

ஆர்.கே.புரத்து அக்கா

குளிக்கும் இடத்தைப் பற்றிய கவலை வேண்டாம். ஆண்கள் இறங்கும் குளம் திறந்தவெளியில் இருக்கிறது. பெண்களுக்குச் சுவர் எழுப்பி மறைத்த தனிக்குளம் உண்டு. கோயிலைச் சேர்ந்த நீர் என்பதால் குளத்துக்குள் சோப்பும் ஷாம்பூவும் கூடாது.

யோசிக்க வேண்டியது நடையைத்தான். பர்ஷைனி ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்திலும் கீர்கங்கா 2,960 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. நக்தான் கிராமத்தின் வழியாகப் போனால் சுமார் 12 கிலோமீட்டர். பழக்கப்பட்டவர்களே நான்கைந்து மணி நேரம் எடுத்துக்கொள்ளும் பாதை இது. நக்தானைத் தாண்டி ருத்ரநாக் அருவி வரையில் ஏற்றம் மிதமானது, வழியில் தேநீர்க் கடைகளும் உண்டு; அதன்பின் பார்வதி ஆற்றைப் பாலத்தில் கடந்து காட்டுக்குள் நுழைந்ததும்தான் ஏற்றம் செங்குத்தாகிறது. கல்கா கிராமத்தின் வழியாகச் செல்லும் இன்னொரு பாதை நிழலும் அழகும் கொண்டதுதான், ஆனால் கடைகள் குறைவு, வழி தவறவும் வாய்ப்பு அதிகம். வயதானவர்களோடு அந்தப் பக்கம் போக வேண்டாம்.

தங்கள் அம்மாவுக்கு இறங்கும்போது வலிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, என்னைத் தயங்க வைப்பது அதுதான். மேலே போய்ச் சேர்ந்துவிடுவார். வெந்நீரில் உட்கார்ந்தால் அன்றைய அசதியும் போய்விடும். ஆனால் மறுநாள் எழுநூறு மீட்டருக்கு மேல் இறங்கியே ஆக வேண்டும், இடையில் கார் வந்து ஏற்றிக்கொள்ளும் இடம் எதுவும் கிடையாது.

பாறையியல் ஓய்வாளர்

தங்கள் மகனிடம் எரிமலை இல்லை என்று சொல்லுங்கள். மழைநீரும் பனி உருகிய நீரும் பாறை வெடிப்புகள் வழியே வெகு ஆழத்துக்கு இறங்குகின்றன. சாதாரண நிலப்பகுதியிலேயே ஒவ்வொரு கிலோமீட்டர் ஆழத்துக்கும் வெப்பம் சுமார் 25 முதல் 30 டிகிரி வரை கூடும். வேகமாக உயர்ந்துகொண்டிருக்கும் இமயமலையில், ஆழத்துச் சூடான பாறை ஆறுவதற்குள் மேலே வந்துவிடுவதால், இந்தக் கூடுதல் இன்னும் அதிகம். அங்கே சூடேறிய நீர் பிளவுகளைப் பற்றிக்கொண்டு விரைவாக மேலேறும் இடங்களில்தான் வெந்நீரூற்றுகள் தோன்றுகின்றன. மேற்பரப்பை நெருங்கும்போது எவ்வளவு குளிர்ந்த நீரோடு கலக்கிறது என்பதைப் பொறுத்து, ஒரே பள்ளத்தாக்கிலேயே ஓர் ஊற்று கொதிக்கும், இன்னொன்று குளிக்கும் சூட்டில் இருக்கும். கீர்கங்காவுக்குப் போகும் வழியிலுள்ள மணிகரணில் நீர் கொதிநிலையை நெருங்கி வெளிவருகிறது. அரிசியை அதிலேயே வேகவைக்கிறார்கள், குருத்வாராவில் லங்கர் எனும் பொது அன்னதானச் சமையலுக்கும் பயன்படுத்துகிறார்கள். மகனுக்குக் காட்ட வேண்டியது அதைத்தான். குளிப்பதற்குக் குளிர்ந்த நீர் கலந்த குளங்கள் அங்கே தனியாக இருக்கின்றன. கலக்காத ஊற்றுகளின் அருகில் பிள்ளையின் கையை விடாதீர்கள்.

கந்தகம் கலந்த நீரில் வெள்ளி நகைகள் கறுத்துவிடும். அம்மாவின் மெட்டியைக் கழற்றச் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார் என்று தெரியும், இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

ஜனக்புரி மருத்துவர்

வெந்நீரில் உட்காரும்போது ரத்தக் குழாய்கள் விரிந்து அழுத்தம் குறைகிறது. மாத்திரையும் அதே வேலையைச் செய்துகொண்டிருப்பதால், குளத்திலிருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றிக் கீழே விழும் ஆபத்து உண்டு. அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். புறப்படுவதற்கு முன் அவருடைய மருத்துவரைக் கேட்டுவிடுங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார வேண்டாம், எழும்போது ஒருவர் கையைப் பிடித்துக்கொள்ளட்டும், நடந்து வந்த வேகத்திலேயே குளத்தில் இறங்காமல் தண்ணீர் குடித்து அரை மணி நேரம் ஓய்வெடுத்த பின் இறங்கட்டும். 2,500 மீட்டருக்கு மேல் சிலருக்கு உயரத்தால் தலைவலியும் குமட்டலும் வரும் என்பதால், தில்லியிலிருந்து இரவுப் பேருந்தில் போய் இறங்கிய அன்றே நடக்கத் தொடங்குவது சரியல்ல. வழியிலுள்ள காசோலிலோ மணிகரணிலோ ஓர் இரவு தங்குங்கள்.

புனித நீராடல் என்றால் முழுக்குப் போட வேண்டும் என்பார்கள். இங்கே அது வேண்டாம். வெதுவெதுப்பான இயற்கை நீரில் வாழும் ஒருவகை அமீபா, அரிதாகவேனும், மூக்கின் வழியாக மூளைக்குச் செல்லக்கூடியது. தலையை மேலே வைத்துக் குளித்தால் அந்தக் கவலை இல்லை.

மயூர் விஹார் வாசி

மூவருக்கும் மிக்க நன்றி. மணிகரணோடு நிறுத்திக்கொள்ளலாம், வேண்டுமானால் மணாலிக்கு அருகில் கார் போகும் வசிஷ்ட்டில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் குளங்கள் இருக்கின்றன, அங்கே குளிக்கலாம் என்று அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "முருகன் உட்கார்ந்தது வசிஷ்ட்டிலா?" என்று கேட்கிறார். இதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆர்.கே.புரத்து அக்கா

அப்படியானால் போக மாட்டோம் என்று சொல்லாமல், ருத்ரநாக் வரை போய் அங்கே முடிவு செய்வோம் என்று சொல்லுங்கள். காலை ஏழு மணிக்கெல்லாம் பர்ஷைனியில் நடக்கத் தொடங்கிவிடுங்கள். அக்டோபர் நடுவில் ஆறு மணிக்குள் இருட்டிவிடும். அருவிவரை போய்ச் சேர்ந்தபின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அங்கும் சிறு கோயில் உண்டு. திரும்ப நேர்ந்தாலும் வெறுங்கையோடு திரும்பியதாக அவருக்குத் தோன்றாது, மாலைக்குள் மணிகரணுக்கு வந்து வெந்நீரில் குளித்தும் விடலாம். நன்றாக இருந்தால் மேலே போங்கள், ஆனால் அன்றே இறங்க நினைக்காதீர்கள்.

மேலே தங்குவதைப் பற்றி மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். 2018-இல் உயர் நீதிமன்ற ஆணையை அடுத்து அங்கிருந்த கூடாரங்கள் அகற்றப்பட்டன. அதன்பின் நிலைமை மாறிமாறி இருந்துவருவதால், பழைய பயணக் குறிப்புகளை நம்பாமல் காசோலில் கேட்டு உறுதி செய்யுங்கள். பர்ஷைனிக்கு மேலே கைப்பேசித் தொடர்பை நம்ப முடியாது; எந்தப் பாதையில் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதைத் தங்கும் விடுதியில் எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள். தில்லி கஷ்மீரி கேட் பேருந்து நிலையத்திலிருந்து மணாலி பேருந்தில் ஏறி புந்தரில் இறங்கினால், மணிகரணுக்கு உள்ளூர்ப் பேருந்தும் டாக்சியும் கிடைக்கும். இரண்டு ஊன்றுகோல்களை இங்கேயே வாங்கி, அம்மாவை ஒரு வாரம் அவற்றோடு மலை மந்திர்ப் படிகளில் இறங்கிப் பழகச் சொல்லுங்கள்.